வீரலட்சுமி உட்கார்ந்த சனிக்கிழமைகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில், சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு வீரலட்சுமி ஒரு நாற்காலியில் ஏறி உட்காருவாள். உட்காருவதுதான் வேலை. இப்படியும் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும். மூக்கின் மேல் ஈ வந்து உட்காரும். முதுகில் கை எட்டாத இடமாகப் பார்த்து அரிக்கும். கால் மரத்துப்போய், அது நம்முடைய கால்தானா என்று சந்தேகம் வரும். வீரலட்சுமி அத்தனையும் பொறுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே காயல், போட்டுகள், ஒரு துண்டு வானம்.

அது ஹைஸ்கூல் பிள்ளைகள் படம் வரையப் பழகும் வகுப்பு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பதினெட்டுப் பேர். ஏன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடு இல்லையா என்றால், இருக்கிறது, டைம்டேபிளில் இருக்கிறது. மூன்று பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்து ஒரு டிராயிங் மாஷ், அதாவது வாத்தியார். அவர் வருகிற அபூர்வமான நாளிலும் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, பரீட்சை நெருங்கிவிட்டது, இந்த பீரியடை எனக்குக் கொடுங்கள் என்று பிடுங்கிக்கொள்வார். படம் வரைந்து பிள்ளை கலெக்டர் ஆகப் போகிறதா என்பது ஊர் நியாயம். அந்த நியாயத்துக்கு மசியாத நாலு பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து, அந்த மாடியைப் பிடித்து, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வாத்தியார் பெயர் ஹரிஷங்கர். முப்பது வயது, அடர்ந்த தாடி. சாயா குடித்த கிளாஸிலேயே பிரஷ்ஷை முக்கிவிட்டு, அப்புறம் அதே கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய் முகம் சுளிக்கிற மனுஷன்.

வீரலட்சுமி அங்கே முதலில் போனது தரை பெருக்கத்தான். பிள்ளைகள் அப்போது வெண்கலச் செம்பை வரைந்து முடித்திருந்தார்கள். அப்புறம் ஒரு சீப்பு ஏத்தன்பழம் வைத்தார் ஹரிஷங்கர். படம் முடிவதற்குள் பழம் முடிந்துபோனது. அடுத்து மனுஷ உருவம் வரைய வேண்டும், உட்கார ஆள் இல்லை. கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் இருமினார்.

"சேச்சி, ஒரு பத்து மினிட் இங்கே இரிக்குமோ?" என்று ஹரிஷங்கர் கேட்டார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது பதினெட்டுப் பிள்ளைகளும் அவளையே பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அடி ஆத்தி, வாயில் எச்சில் வடிந்ததோ என்னவோ என்று பதறிப்போய்த் துடைத்தாள். ஹரிஷங்கருக்கோ பரம சந்தோஷம். ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில்கூட இத்தனை அசையாமல் இருக்கிற ஆளைத் தான் பார்த்ததில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? அது அலுப்பு. பதினேழு வருஷத்து அலுப்பு.

வீரலட்சுமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் பாண்டித்துரையோடு எர்ணாகுளத்தில் வந்து இறங்கியவள். கலூரில் கட்டடம் கட்டுகிற இடங்களில் சித்தாளாகச் செங்கல் சுமந்தாள். அப்புறம் மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்து இந்தப் பக்கம் வந்தார்கள். இப்போது பாண்டித்துரை ஏலூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து, பாதி நாள் தூங்கிவிட்டுப் போகிறான். அவனையும் குறை சொல்ல முடியாது, அவன் உடம்பும் இரும்பா என்ன? வீரலட்சுமிக்கு விடிகாலை நாலு மணிக்குப் பொழுது தொடங்கும். ஐந்து மணிக்கு ஓட்டலில் வெங்காயம் நறுக்க வேண்டும், ஒரு சாக்கு. ஒன்பது மணிக்கு யூதத் தெருவில் பழம்பொருள் கடையில் தூசி தட்ட வேண்டும். யார் வீட்டுப் பாட்டன் தின்ற தட்டோ, எந்தக் குழந்தை கிடந்த தொட்டிலோ, துடைத்துத் துடைத்து வைத்தால் வெள்ளைக்காரன் வந்து வாங்கிப் போவான். அங்கிருந்து இரண்டு வீட்டில் பாத்திரம். சாயங்காலம் மறுபடியும் ஓட்டல். நாள் முழுக்க நின்றால் கால் என்னத்துக்கு ஆகும்? பொழுது சாய்கிறபோது பாதம் வீங்கி, செருப்பு வார் தோலில் அழுந்திக் கிடக்கும்.

சனிக்கிழமை மதியம் மட்டும் உட்காரலாம். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள், எழுந்தால்தான் திட்டுவார்கள். இப்படி ஒரு வேலையை எந்த சாமி அனுப்பியது என்று அவள் யோசித்ததுண்டு. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்துப் பிள்ளைகள் வரைகிறார்கள் என்றால் பாண்டித்துரை என்ன கேட்பான், ஏது கேட்பான் என்று ஒரு கூச்சம். ஒரு கம்பெனியில் பெருக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். பெருக்கவும்தானே செய்கிறாள்?

வம்பு இந்த வருஷம் ஜூலை மாதம் வந்தது. மகள் செல்வலட்சுமி, வீட்டில் செல்வி, பத்தாம் வகுப்பு. மலையாளம் மீடியம். எந்நேரமும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை. ஒருநாள் ஸ்கூலில் கொடுத்தது என்று ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டி, படம் வரைகிற ஸ்பெஷல் கிளாஸுக்குத் தன்னை எடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடு என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை வீரலட்சுமி பார்த்து எத்தனை நாளாயிற்று! பேப்பர் முழுக்க மலையாளம். வீரலட்சுமிக்கு அது பேச வரும், வாசிக்க வராது. ஊரில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த தமிழ் எழுத்துத்தான் அவளுக்குத் தெரிந்த எழுத்து. மகள் விரல் வைத்த இடத்தில் தமிழில் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். எந்த இடம், என்ன கிழமை என்று பேப்பரில் இருந்திருக்கும். வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, செல்வலட்சுமி மரப்படி ஏறி வந்தாள். கூடவே அவள் வகுப்புக்காரி ஹிஸானா. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளையின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. வீரலட்சுமி அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்று முதலில் சொன்னது மகள் இல்லை, தாய்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"நீ பெருக்கப் போறேன்னுதானே சொன்ன?"

"பெருக்கத்தான் செய்தேன். அதுக்கப்புறம் உட்காரச் சொல்லுதாக. உட்காருதேன்."

"அங்க உள்ள பிள்ளைங்க உன்ன என்ன சொல்லிக் கூப்பிடுதுன்னு அறியுமா உனக்கு? பாண்டி ஸ்டாச்சுன்னு."

வீரலட்சுமிக்கு அது தெரியும். தமிழ்க்காரர் என்றால் அங்கே கேலிக்குப் பாண்டிதான். காதில் விழாமலா இருக்கும், அவள் சிலையா என்ன? "சொன்னாச் சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் போறத நிறுத்திக்கிடுதேன்ட்டி. வேற யாரையாச்சும் உட்கார வைக்கட்டும். நீ போ."

செல்வி பையை இறக்கி வைத்தாள். அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டா. சனிக்கிழம மட்டும்தான் உன் கால் வீங்காம இருக்கு. நீ உட்காரு," என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "ஆனா நீ என் அம்மான்னு ஆரும் அறியக்கூடாது. அறிஞ்சா நான் கிளாஸ நிர்த்திடுவேன். சத்தியமா நிர்த்திடுவேன்," என்றாள்.

"சரிட்டி," என்றாள் வீரலட்சுமி. பதினைந்து வயதுப் பிள்ளை. ஸ்கூலில் அப்பா சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அப்புறம் வரிசையாகப் பன்னிரண்டு சனிக்கிழமை. மகள் வரைந்தாள், தாய் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே தெருவில் நடந்து, ஒரே படியில் ஏறி, ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக மூன்று மணி நேரம் இருந்தார்கள். ஹரிஷங்கர் சொல்லிக்கொடுப்பதெல்லாம் வீரலட்சுமியின் காதிலும் விழுந்தது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அளக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் உண்டு, அதை அவர் வாரம் தவறாமல் சொல்லுவார்: "அறியுந்நதை வரைக்கண்டா. காணுந்நதை வரை." உனக்குத் தெரிந்ததை வரையாதே, கண்ணுக்கு முன்னால் இருப்பதை வரை. காது இரண்டு என்று தெரியும் என்பதற்காக இரண்டு காதும் வரையாதே. நீ இருக்கிற இடத்திலிருந்து ஒன்றுதான் தெரிகிறது என்றால் ஒன்றுதான். கேட்டுக் கேட்டு வீரலட்சுமிக்கே பழகிவிட்டது. ஓட்டலில் வெங்காயக் குவியலைப் பார்த்து, நிழல் இந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருநாள் தன்னையறியாமல் சொல்லிவிட, மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

வகுப்பு முடிந்து பெருக்கும்போது படங்களைப் பார்ப்பாள். ஒருவன் அவளுக்கு மீசைபோல நிழல் போட்டிருப்பான். ஹிஸானா படத்தில் அவள் பத்து வயது குறைந்திருப்பாள், நல்ல பிள்ளை. செல்வி படத்தில் சேலை மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும், நாற்காலியின் கால் தரையில் ஊன்றி நிற்கும், ஆனால் முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது ஒருபுறம் இருக்கட்டும், கை யாருக்கு நன்றாக வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஹரிஷங்கருக்கும் தெரிந்தது. "முகம் எவிடே, செல்வா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். "நேரம் கிட்டல சார்," என்பாள் செல்வி. முகத்தையும் வரையப் பழகிவிட்டால், ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான தினசரி வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொள்வதாக அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று ராத்திரி செல்வி சோறு தின்னாமல் அதையே பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வகுப்பு தன்னால் அவளுக்குக் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்கப்புறம் வீரலட்சுமியின் நினைப்பெல்லாம்.

கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்கே படங்களைச் சுவரில் மாட்டி, மறுநாள் பெற்றோரை அழைத்துக் காட்டப் போகிறார்கள். அதனால் ஒரே தாளில் முழுப் படமும் முடிக்க வேண்டும். அன்றைக்கு ஓட்டலில் ஒருத்தி வரவில்லை. வீரலட்சுமி இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். மடியில் வலது கை, அதன் மேல் இடது கை, முகம் ஜன்னலுக்கு. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

செல்வி அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த ஹரிஷங்கர் அவள் பின்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"முகம் வந்நல்லோ!" என்றார் சந்தோஷமாக. அப்புறம் குனிந்தார். "இதென்ன, செல்வா? இந்த விரல்?"

வீரலட்சுமி திரும்பவில்லை. ஆனால் அவளுக்கு எந்த விரல் என்று புரிந்துவிட்டது.

அது வலது கைச் சுண்டுவிரல். கலூரில் சித்தாள் வேலை பார்த்தபோது, செல்வி வயிற்றில் ஆறு மாதம், மேலேயிருந்து விழுந்த செங்கல் அந்த விரலை நசுக்கியது. ஒரு நாள் லீவு போட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பயந்து, கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கோணலாகக் கூடிவிட்டது. பிறந்த பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள அதுதான் வாகாக இருந்தது. அந்தக் கோண விரலைப் பிடித்தால்தான் தூங்கும், பிடியை விலக்கினால் வீறிடும். இன்றைக்குப் பதினைந்து வயது. பகலில் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் ராத்திரி தூக்கத்தில் அவள் கை தடவிக்கொண்டு அந்த விரலுக்குத்தான் வரும்.

"இவிடெ இருந்நா இடது கை மட்டும்தான் காணும். வலது கை அடியில. அந்த விரல் வளைஞ்சிருக்கும்னு நினக்கு எங்ஙனெ தெரியும்?" என்றார் ஹரிஷங்கர். அவர் சந்தேகப்பட்டெல்லாம் கேட்கவில்லை. தப்பைத் திருத்துகிற வாத்தியார் கேட்கிற கேள்வி. செல்வி உள்ளங்கையால் தாளை மறைத்தாள். பக்கத்திலிருந்த ஹிஸானா எட்டிப் பார்த்தாள். இரண்டு மூன்று பேர் பென்சிலை நிறுத்தினார்கள்.

வீரலட்சுமி அசைந்தாள். பன்னிரண்டு சனிக்கிழமையில் ஒருதரம்கூட அசையாதவள், வலது கையை வெளியே இழுத்துத் தூக்கிக் காட்டினாள். "நான்தான் சார் இப்ப கையை மாத்தினேன். அரிச்சுது. பிள்ள அதப் பாத்திருக்கும்."

"அய்யோ சேச்சி!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். மடி மாறிப்போயிற்று, மடிப்பு கலைந்துபோயிற்று. ஹரிஷங்கர் முகம் சுருங்கிவிட்டது. "லாஸ்ட் டே, சேச்சி. இன்னிக்குப் போய் இப்படிச் செய்யலாமா? எல்லாருடைய படமும் கெட்டுப்போகும்," என்றார். அவர் அவளைக் கடிந்து பேசியது அதுதான் முதல் தரம். "தப்புதான் சார்," என்று அவள் கையை மறுபடி அடியில் வைத்தாள். செல்வியிடம் அந்த விரலை அழிக்கச் சொன்னார். ரப்பர் தேய்கிற சத்தம் வீரலட்சுமிக்குக் கேட்டது. தேய்க்கட்டும், வகுப்பு தப்பித்ததே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, அடியிலிருந்த சுண்டுவிரலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு எல்லோரும் படத்தின் அடியில் பெயரும் தலைப்பும் எழுதினார்கள். "இரிக்குந்ந ஸ்த்ரீ" என்று பாதிப் பேர், ஏதோ இங்கிலீஷில் மீதிப் பேர். ஹரிஷங்கர் ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரில் பின் குத்திக்கொண்டே வந்தார். செல்வியின் தாளை வாங்கியவர் கண்ணைச் சுருக்கினார். அவள் அதற்குள் தன் இடத்துக்குத் திரும்பிப் பென்சில்களை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"இது மலையாளம் இல்லியே. தமிழா? ஹிஸானா, உன் வீட்டுல தமிழ்தானே. என்ன எழுதியிருக்கு?"

"பேச்சுதான் சார். எழுத்து எனக்கு அறியாது."

"சேச்சி, இதொன்னு வாயிச்சே."

வீரலட்சுமி துடைப்பத்தோடு வந்தாள். படத்தில் அவள் இருந்தாள். கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதை, ஒட்டிய கன்னம், தூக்கத்தை விரட்டப் பாடுபடுகிற இமை. ஒன்றையும் மறைக்கவில்லை பிள்ளை. அடியில் கோணல் மாணலாக இரண்டு சொல். செல்விக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது. ஏதோ லீவில் வீரலட்சுமி பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டிய நாலு எழுத்துத்தான். அதை வைத்து எழுதியிருந்தாள்: எங்க அம்மா.

அந்த மாடியில் அதை வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அது தெரிந்துதான் பிள்ளை எழுதியிருக்கிறாள் என்று வீரலட்சுமி நினைத்தாள். இவ்வளவுதான் அவளால் முடிந்தது. முடிந்தவரை செய்திருக்கிறாள். அதைப் போய் ஊருக்கு முன்னால் நான் போட்டு உடைக்கலாமா? நிறுத்திவிடுவேன் என்று சத்தியம் வேறு பண்ணியிருக்கிறாளே. செல்வியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"'உட்கார்ந்திருக்க பொம்பளை'ன்னு எழுதியிருக்கு சார்," என்றாள்.

"நன்னாயி," என்று ஹரிஷங்கர் தாளைச் சுவரோடு வைத்துப் பின்னை எடுத்தார்.

"அப்படி இல்ல!"

செல்வியின் சத்தம். வகுப்பே திரும்பியது. பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. "ஏம்மா பொய் சொல்லுற? அப்பவும் பொய் சொன்ன, இப்பவும் பொய் சொல்லுற. அதுல என்ன எழுதிருக்கோ அத வாசி."

ஹிஸானா செல்வியைப் பார்த்தாள், வீரலட்சுமியைப் பார்த்தாள். ஐயோ, போச்சே, வகுப்பு போச்சே என்றுதான் வீரலட்சுமிக்கு முதலில் பட்டது. என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட வாய் திறந்தாள்.

"வாசிம்மா," என்றாள் செல்வி மறுபடியும். இந்தத் தடவை சத்தம் இல்லை.

வீரலட்சுமி வாசித்தாள். "எங்க" என்பது வந்தது. அடுத்த சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அப்புறம் தாளைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளை வாசிப்பதுபோல எழுத்தெழுத்தாக அதையும் வாசித்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அசையாதே என்று ஹரிஷங்கர் சொல்லவில்லை.